ரோட்டர்டாமில் சூரியன் உதிக்கும் திசை

என் மகளுக்குக் காய்ச்சல் ஏறிய பிற்பகலில் நான் ரோட்டர்டாம் எரிந்த கதையைப் படித்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் உலகப் போரின் தொடக்கத்தில், ஒரு மே மாதத்தில், ஜெர்மன் விமானங்கள் வந்து கால் மணி நேரம் குண்டு போட்டுவிட்டுப் போயின. போட்டது கால் மணி நேரம். எரிந்தது நாள்கணக்கில். ஊரின் நடுப்பகுதி முழுவதும் போய், பெரிய தேவாலயத்தின் கூரையில்லாத சுவர்களும் இன்னும் சில கட்டடங்களும் மட்டும் நின்றன. அந்தச் சுவர்களின் பழைய புகைப்படத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் தூளியில் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். தூங்குகிறாள் என்றுதான் நினைத்தேன்.

ஏதோ எடுக்க உள்ளே வந்த என் கணவரின் அண்ணன் தூளிக்குள் கை விட்டுப் பார்த்தார்.

“இன்னாம்மா இது, புள்ள நெருப்பா கொதிக்குது! எங்கியோ வெளிநாட்டுல ஊரு எரிஞ்ச கதைய படிச்சிகினு கீற, இங்க நீ பெத்தது எரியுது!”

அதை அங்கேயே சொல்லி முடித்திருக்கலாம். அவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு முன்னால் இருந்த எங்கள் பட்டுக்கடைக்குள் போனார். நான் பின்னாலேயே ஓடினேன். எல்லோரும் பார்க்கக் குழந்தையை என் கையில் கொடுத்து, அதே வார்த்தையை இன்னொரு முறை சொன்னார். கல்யாணப் பட்டு எடுக்கத் தேசூரிலிருந்து வந்திருந்த ஒரு குடும்பம் பாயில் உட்கார்ந்திருந்தது. அதில் ஓர் அம்மாள் என்னைப் பார்த்து உச்சுக் கொட்டினாள். அந்த வீட்டில் எனக்குக் கிடைத்த பேச்சுகளில் பலவற்றை மறந்துவிட்டேன். இந்த உச்சு மட்டும் போகவில்லை.

சாதாரண வைரஸ் காய்ச்சல் என்றார் டாக்டர். “திடீர்னுதாம்மா ஏறும். நீங்க மடியில வெச்சிகினு இருந்தாலும் ஏறும்.” அந்த அறையில் உட்கார்ந்திருந்தவரை அதை நம்பினேன். வெளியே வந்து ஆட்டோவில் ஏறியதும் நம்பிக்கை போய்விட்டது. ஒரு தாய் திரும்பிப் பார்த்திருக்க வேண்டாமா? நெற்றியை ஒரு முறை தொட்டுப் பார்த்திருக்க வேண்டாமா? தொட்டிருந்தால் தெரிந்திருக்குமா, தெரிந்திருக்காதா? காய்ச்சல் இறங்கிய பிறகும் அவள் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து, அவளே என் கையைத் தட்டிவிடுமளவுக்குச் செய்தேன்.

அவள் தேறி எழுந்து விளையாட ஆரம்பித்ததும் கீழே கடைக்கு வந்தேன். என் மேசையில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார்.

*

அது எப்படி என் மேசையானது என்பதைச் சொல்ல வேண்டும். ஆரணியில் எங்கள் வீட்டின் கீழ்த்தளம் பட்டுப்புடவைக் கடை, மேல்தளத்தில் குடும்பம். கடையை நடத்துபவர் கணவரின் அண்ணன். நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன். என் கணவர் களம்பூரில் ஓர் அரிசி ஆலையில் வேலை பார்க்கிறார், காலையில் போனால் இருட்டித்தான் வருவார். நான் வரலாறு படித்தவள். எம்.ஏ. முடித்து ஒரு தனியார் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குப் பாடம் எடுத்தேன். மகள் வயிற்றில் வந்ததும் நிறுத்தினார்கள். பிறகு சேர்ந்துகொள்ளலாம் என்றார்கள். அந்தப் ‘பிறகு’ வரவே இல்லை.

அந்தச் சமயத்தில்தான் நெதர்லாந்திலிருந்து, ரோட்டர்டாமில் இருக்கும் தமிழர் சங்கத்திலிருந்து, ஓர் ஆர்டர் வந்தது. பொங்கல் விழாவுக்குச் சங்கத்துப் பெண்கள் எல்லோரும் ஒரே மாதிரி பட்டுப் புடவை கட்ட வேண்டும். முந்தானையில் தாங்கள் வாழும் ஊரின் கதை இருக்க வேண்டும். முதலில் ஒரே ஒரு மாதிரிப் புடவை. அது பிடித்தால் மற்றவை.

“ஊரு கதையாம். எனக்கு அந்த ஊரு பேரே வாயில நொழயல. நீதான் சரித்திரம் படிச்சவளாச்சே, பாத்து சொல்லும்மா” என்றார் மாமா. “இது மட்டும் நல்லா வந்துச்சின்னா இனிமே டிசைன் வேலையெல்லாம் உன்னுது. உள்ள கீற மேச உனக்குத்தான்.”

கண்ணாடி அலமாரிகளுக்குப் பின்னால் ஒரு சின்ன இடம். ஒரு கணினி, சுவரில் பழைய காலண்டர், தூளி கட்டக் கம்பி. அவ்வளவுதான் அந்த மேசை. ஆனால் அடுப்புக்கும் மாடிப்படிக்கும் நடுவே என் நாள் கழிந்துகொண்டிருந்தபோது, உட்கார்ந்து யோசிக்க ஒரு நாற்காலி கிடைப்பது எனக்குப் பள்ளி வேலையே திரும்பக் கிடைத்த மாதிரி இருந்தது. அதை இழந்துவிடக் கூடாது என்ற பயமும் முதல் நாளிலிருந்தே இருந்தது.

படித்தேன். பரீட்சைக்குக்கூட அப்படிப் படித்ததில்லை. ரோட்டே என்று ஒரு சின்ன ஆறு. அதன் குறுக்கே ஓர் அணை. அணையின்மேல் மீன் பிடிப்பவர்களின் வீடுகள். அந்த ஆற்றின் பெயரும் அணையும் சேர்ந்ததுதான் ஊரின் பெயர். பிறகு வணிகம், கப்பல்கள். கடலுக்குப் போகும் முகத்துவாரம் மணலால் தூர்ந்து, பெரிய கப்பல்கள் உள்ளே வர முடியாமல் போனபோது ஊரே படுத்துவிடும் நிலை. அவர்கள் நேராகக் கடல்வரை புதிய வாய்க்கால் ஒன்றை வெட்டினார்கள். அதன்பிறகு துறைமுகம் நிற்கவே இல்லை. கப்பல்கள் பெரிதாகப் பெரிதாக அது ஊரை விட்டுக் கடலை நோக்கி நகர்ந்துகொண்டே போனது. கடைசியில் நிலம் தீர்ந்துபோய், கடலுக்கடியிலிருந்து மணலை வாரிக் கொட்டிப் புதுநிலமே உண்டாக்கினார்கள். இன்று அந்தப் புதுநிலத்தில் ஓட்டுநர் இல்லாத வண்டிகள் கொள்கலப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு தாமாகவே போய்வருகின்றன.

எரிந்த நடு ஊரை அவர்கள் பழையபடி கட்டவில்லை என்பதுதான் எனக்கு அதிகம் பிடித்தது. இடிபாடுகளை வாரிக் கொட்டிவிட்டு, அகலமான தெருக்களும் கண்ணாடிக் கட்டடங்களும் எழுப்பினார்கள். தேவாலயத்தை மட்டும் சரிசெய்தார்கள். ஒரு மூலையில் சாய்ந்து நிற்கிற கனசதுர வீடுகள், வளைவுக் கூரை போட்ட பெரிய சந்தை, ஒற்றைத் தூண் முதுகை வளைத்து நிற்கும் வெள்ளைப் பாலம். ஊருக்குள்ளேயே விட்டுப்போன பழைய கப்பல் துறைகளில் இப்போது அடுக்குமாடிகளும் காபிக் கடைகளும். உலகத்திலேயே பெரிய துறைமுகம் என்ற பெயரை ஆசியத் துறைமுகங்கள் பறித்துக்கொண்டன. அந்த ஊர் அதற்காக முடங்கிப்போகவில்லை.

கல்லூரியில் எங்களைச் சதுரங்கப்பட்டினத்துக்குச் சுற்றுலா கூட்டிப்போயிருந்தார்கள். கடலோரம் டச்சுக்காரர்களின் இடிந்த கோட்டை, உள்ளே அவர்களின் கல்லறைகள். நம் கரையில் துணி வாங்க வந்து இங்கேயே செத்தவர்கள். அவர்கள் ஊர்க் கடல் மேற்கே இருந்தது, நம் கடலோ கிழக்கே. ரோட்டர்டாம் வரைபடத்தை முதன்முதலில் திறந்தபோது நானும் கடலை வலது பக்கத்தில்தான் தேடினேன். பிறகுதான் இடது பக்கம் நீலமாக இருப்பது தெரிந்தது. இங்கே எங்களுக்குக் கடல் என்றால் கிழக்கு. மாமல்லபுரத்துக்கோ பாண்டிச்சேரிக்கோ விடியுமுன் வேன் பிடித்துப் போவதே கடலிலிருந்து சூரியன் எழுவதைப் பார்க்கத்தான்.

என் படத்தில் சூரியன் கிடையாது. இடது ஓரத்தில் கடல், அடுத்து புதுநிலமும் பாரந்தூக்கிகளும், பிறகு பழைய துறைகள், வளைந்த பாலம், சாய்ந்த வீடுகள், கூரையில்லாத தேவாலயம், வலது ஓரத்தில் அந்த முதல் அணையும் ஒரு மீன் கூடையும். கிட்டத்தட்ட முடித்துவிட்டேன். அப்போதுதான் காய்ச்சல் வந்தது.

*

மேசையில் உட்கார்ந்திருந்தவர் மாமாவின் மனைவியுடைய தம்பி. சென்னையில் டிசைன் படித்தவர், வேலை மாறுவதற்கு நடுவே அக்கா வீட்டுக்கு வந்திருந்தார். என்னைப் பார்த்ததும் சங்கடத்தோடு எழுந்தார். மாமா அவர் தோளை அழுத்தி உட்கார வைத்தார்.

“நீ புள்ளைய பாரும்மா. இதெல்லாம் இனிமே இவன் பாத்துப்பான். உனக்கு எதுக்கு இந்த பேஜாரு?”

“கொஞ்சந்தான் மாமா பாக்கி...”

“அத அவன் முடிச்சிடுவான். நாளைக்கு புள்ளைக்கு ஒண்ணு ஆச்சின்னா ஊரு என்னைத்தான் கேக்கும்.”

கணவரிடம் சொன்னேன். “வுடு. பெரியவரு பேசினா பேசிகினு போறாரு. புள்ள நல்லாயிட்டாளே, அது போதாதா?” என்றார். போதும்தான். குழந்தை நன்றாக இருக்கும்போது ஒரு மேசைக்காக மனம் கொதிப்பவள் எப்படிப்பட்ட தாய் என்று எனக்கே தோன்றியது. ஆனாலும் கொதித்தது. வேலையைப் பிடுங்கியதைக்கூட விட்டுவிடுவேன். என் குழந்தையின் காய்ச்சலைக் காரணமாகக் காட்டிப் பிடுங்கியதை விட முடியவில்லை.

அடுத்த வாரம் காபி கொடுக்கப் போனபோது திரையில் படத்தைப் பார்த்தேன். இடம் வலமாகத் திருப்பிவிட்டிருந்தார்கள்.

“கத இடது பக்கம் ஆரம்பிச்சி வலது பக்கம் முடியணும் இல்லீங்களா அக்கா” என்றார் தம்பி. “பழைய ஊரு முதல்ல, கடல் கடைசில. அப்பதான் படிக்கிற மாதிரி இருக்கும்.”

அது தப்பில்லை. வடக்கே நின்று தெற்கே பார்ப்பவருக்குக் கடல் வலது கைப் பக்கம்தான் வரும். அதை நானே மனதுக்குள் திருப்பித் திருப்பிப் பார்த்து ஒத்துக்கொண்டேன். பிறகு கடலின் மேல் இருந்ததைப் பார்த்தேன். பாதி வட்டமாக, கதிர்களோடு, தங்க ஜரிகையில் ஒரு பெரிய சூரியன்.

“பொங்கலுக்கு கட்றாங்க, சூரியன் இல்லாம எப்டி?” என்றார் மாமா. “கடல்லருந்து ஜம்முனு எழுந்து வர்ற மாதிரி போடுடான்னேன். பட்டுன்னா ஒரு மங்களம் வாணாம்? நீ போட்டது வெறும் இரும்பும் கிரேனுமா இருந்துச்சி.”

“மாமா, அந்தச் சூரியன் வந்து...”

“மேல புள்ள அழுவுது பாரு.”

மேலே குழந்தை அழவில்லை. அழுதால் எனக்குத்தான் முதலில் கேட்டிருக்கும். அவர் என்னை அனுப்புவதற்குச் சொன்னார். தம்பி தலையைக் குனிந்துகொண்டார். நான் தட்டை எடுத்துக்கொண்டு, “சரிங்க மாமா” என்றேன்.

படிகளை வேகவேகமாக ஏறினேன். ஆத்திரம் என்று நினைத்தேன். நாலைந்து படி ஏறிய பிறகுதான் அது சந்தோஷம் என்று புரிந்தது. அந்த ஊரில் கடலிலிருந்து சூரியன் எழாது. கடலில் மறையும். அந்தப் படத்தில் இருக்கும் சூரியனுக்கு இரண்டே வழி. உதிக்கிறது என்றால் திசை தப்பு. மறைகிறது என்றால் திசை சரி, ஆனால் அஸ்தமனச் சூரியனைப் பட்டில் நெய்து, அதுவும் சூரியனைக் கும்பிடும் பொங்கலன்று சுமங்கலிகளுக்குக் கட்டக் கொடுத்த கடை என்று பேர் வரும். மாமா எந்தப் பக்கம் ஓடினாலும் கதவு சாத்தியிருந்தது. நான் சாத்தவில்லை. அவரே சாத்தி, உள்ளே நின்றுகொண்டிருந்தார்.

*

அதன்பிறகு ரசம் கொதிக்கும்போதெல்லாம் சிரித்துக்கொண்டேன். ஓரகத்தி, அதாவது மாமாவின் மனைவி, ஒரு நாள் கேட்டாள்: “இன்னாடி, அடுப்பப் பாத்து சிரிச்சிகினு கீற? எங்களுக்கும் சொல்லேன்.” “ஒண்ணுமில்லக்கா, குழந்த பண்ற சேட்டைய நெனச்சேன்” என்றேன்.

ஆனால் மகள் ஒரு தும்மல் போட்டால் போதும், சிரிப்பு போய்விடும். மனதில் நஞ்சை வைத்துக்கொண்டு ஒருத்தி பால் கொடுக்கலாமா? நான் நினைக்கிற கெடுதல் என் குழந்தைமேல் திரும்புமோ? படித்தவள் இப்படி யோசிக்கலாமா என்று அதற்கும் ஒரு திட்டு. தெர்மாமீட்டரை வைத்துப் பார்ப்பேன். காய்ச்சல் இருக்காது. இருக்காது என்றதும் வஞ்சம் பத்திரமாகத் திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும்.

ஒரு நாள் எங்கள் கடைக்கு நெய்யும் நெசவாளர் வீட்டுக்கே போனேன். கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு போனேன். தறியில் முந்தானை ஏறிக்கொண்டிருந்தது. பாலத்தின் வளைந்த தூண் நான் வரைந்தபடியே பட்டில் வந்திருந்ததைப் பார்த்ததும் குனிந்து விரலால் தொடப் போனேன். அந்தக் கூரையில்லாத தேவாலயம், அந்த மீன் கூடை. எல்லாம் என்னுடையது. கடலின் ஓரத்தில் மட்டும் ஜரிகை மின்னியது.

“சூரியன் எப்டி வந்துகினு கீது பாரும்மா” என்றார் நெசவாளர் பெருமையாக.

அவர் முகத்தைப் பார்த்து எனக்குச் சங்கடமாகிவிட்டது. “அண்ணா, ஒருவேள இந்த டிசைன் அவங்களுக்குப் புடிக்கலன்னா உங்க கூலி?”

“கூலி கூலிதாம்மா. நெசவுல தப்புன்னா நான் பதில் சொல்லணும். டிசைன்ல தப்புன்னா உங்க மாமா பாடு. ஏன், ஏதாச்சும் தப்பா கீதா?”

நான் சொல்லியிருக்க வேண்டும் என்று இதைப் படிப்பவர்கள் நினைக்கலாம். சூரியன் இன்னும் முழுசாக ஏறவில்லை, நிறுத்தியிருக்கலாம். நான் சூரியனைப் பார்த்தேன், மகளைப் பார்த்தேன். ‘இங்க நீ பெத்தது எரியுது’ என்ற குரல் காதில் கேட்டது. “ரொம்ப நல்லா வந்திருக்குங்க அண்ணா” என்றேன்.

*

ஒரு ஞாயிற்றுக்கிழமை கடையின் பெரிய டிவியில் வீடியோ அழைப்பு. மாமா வெள்ளைச் சட்டை போட்டு விபூதி பூசிக்கொண்டு நின்றார். தம்பி கணினியைப் பார்த்துக்கொண்டார். கணவர் அன்று வீட்டில் இருந்ததால் மகளை வைத்துக்கொண்டு வாசல் பக்கம் நின்றார். என்னை மாமாதான் கூப்பிட்டார். “இந்த முனைய புடிச்சிகினு நில்லும்மா. முந்தி முழுசா தெரியணும்.” ஓரகத்தி மீன் கூடைப் பக்கம் பிடித்தாள். எனக்கு வாய்த்தது சூரியன் பக்கம்.

திரையில் ரோட்டர்டாமில் ஒரு வீட்டு வரவேற்பறை. சோபாவில் நெருக்கியடித்து ஐந்தாறு பெண்கள், நடுவில் சங்கத்தின் பொறுப்பாளர். ஊரிலிருந்து பேரக்குழந்தையைப் பார்க்கப் போயிருந்த ஒரு பெரியம்மாவும் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பின்னால் ஜன்னலில் சாம்பல் நிற வானம்.

“அய்யோ, நம்ம பிரிட்ஜ் பாருங்கடி!” “ஏய், அந்தக் கோணல் வீடுகூட இருக்கு!” என்று கத்தினார்கள்.

“எங்க டிசைனர் சென்னையில படிச்சவருங்க மேடம்” என்றார் மாமா. “உங்க ஊரு சரித்திரத்த மொத்தமா அலசிட்டாரு. ராத்திரி பகல் பாக்கல.”

தம்பி ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டார். நான் பிடித்திருந்த முனை கசங்கியது.

“சூப்பரா இருக்குங்க. அந்தச் சூரியன் ரொம்ப அழகு” என்றார் பொறுப்பாளர். சுற்றி இருந்தவர்களும் அழகு அழகு என்றார்கள்.

அவர்கள் யாருக்கும் தெரியவில்லை. இத்தனை வாரம் நான் காத்துக்கொண்டிருந்தது அவர்கள் பார்த்ததும் சொல்வார்கள் என்றுதான். அந்த ஊரிலேயே வாழ்பவர்கள், ஆனால் மனசுக்குள் அவர்களுக்கும் கடல் கிழக்கில்தான் இருந்தது. இன்னும் ஒரு நிமிடத்தில் ஆர்டர் உறுதியாகும். தறி தறியாக அந்தச் சூரியன் ஏறும். மாமா ஊரெல்லாம் காட்டுவார். நான் வாயைத் திறக்காவிட்டால் என் வஞ்சம் எனக்கு மட்டும் தெரிந்த ஒரு வியாதியாக உள்ளேயே கிடக்கும்.

“அக்கா, ஒண்ணு கேக்கலாமா?” என்றேன். குரல் கீச்சென்று வந்தது.

மாமா திரும்பிப் பார்த்தார். பொறுப்பாளர், “கேளுங்கம்மா” என்றார்.

“நீங்க அங்க பீச்சுக்குப் போவீங்களா?”

“போவோமே! மெட்ரோவுலயே கடல் வரைக்கும் போகலாம். சம்மர்ல எல்லாரும் சாயங்காலம் அங்கதான். சூரியன் மறையறது அவ்ளோ அழகா இருக்கும்.”

“எங்கக்கா மறையும்?”

“கடல்லதான்...” என்று சொல்லி நிறுத்தினார். திரும்பிப் புடவையைப் பார்த்தார். பக்கத்துப் பெண் ஜன்னல் பக்கம் கை நீட்டி, பிறகு எதிர்ப்பக்கம் நீட்டி, தனக்குள் கணக்குப் போட்டாள். “ஆமாடி, கடல்ல எப்டி உதிக்கும்? நம்மளுக்கு அது வெஸ்ட்டு!” என்றாள்.

“அப்போ இது சாயங்காலமா?” என்று பெரியம்மா போர்வைக்குள்ளிருந்து கேட்டார்.

மாமா சட்டென்று பிடித்துக்கொண்டார். எவ்வளவு சாமர்த்தியசாலி என்பது எனக்குத் தெரியும். “ஆமாங்கம்மா, சாயங்காலந்தான்! சூரியன் மறையற காட்சி. வெளிநாட்டு ஸ்டைலு!”

“என்னாய்யா பேசற? பொங்கலும் அதுவுமா மறையற சூரியன நெய்ஞ்சி, தாலி கட்டினவளுங்களுக்கு கட்டக் குடுப்பியா? என்னா கடை வெச்சிருக்க நீ?” என்றார் பெரியம்மா.

“இல்லீங்கம்மா, இல்லீங்கம்மா, உதயந்தான். உதிக்கிறதுதான். நான் தப்பா...”

“அங்க உதிக்காதுங்களே” என்றார் பொறுப்பாளர். சோபாவில் யாரோ சிரித்தார்கள். ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். ஓரகத்தி பிடித்திருந்த முனை தரைவரை இறங்கியிருந்தது. நான் என் முனையை நன்றாக உயர்த்தி, கதிர்கள் ஒன்றுகூட மடங்காமல் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மாமாவின் நெற்றியில் விபூதி வியர்வையில் கரைந்தது. கண்ணெடுக்காமல் பார்த்தேன். தேசூர் அம்மாள் இங்கே இருந்திருக்கலாமே என்று ஆசைப்பட்டேன்.

பொறுப்பாளர் நல்லவர். மற்றதெல்லாம் பிடித்திருக்கிறது, சூரியனை எடுத்துவிட்டு ஊரைத் தெரிந்தவர் யாராவது சரியாக வரைந்து அனுப்பட்டும், பொங்கலுக்குள் முடியுமா என்று மூன்று நாளில் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வேறு இடம் பார்ப்போம் என்றார். பிறகு, “அந்தப் பொண்ணு யாருங்க? இந்தியாவுல இருந்துகிட்டு எங்க ஊர் கடல் எந்தப் பக்கம்னு எப்படித் தெரியும்?” என்று கேட்டார்.

தம்பிதான் சொன்னார். “அவங்கதாங்க படிச்சாங்க. அவங்கதான் வரைஞ்சாங்க. நான் சூரியன் மட்டும் போட்டேன்.”

*

மகளுக்குச் சோறு ஊட்ட மாடிக்கு வந்துவிட்டேன். கணவர் பின்னாலேயே வந்து, “தெரிஞ்சிகினே இருந்தியா?” என்றார். நான் சோற்றைப் பிசைந்தேன். “முன்னாடியே சொல்லியிருக்கலாம் இல்ல?” என்றார். “சொல்லப் போனேன். புள்ள அழுவுதுன்னாரு” என்றேன்.

கொஞ்ச நேரத்தில் மாமா வந்து சமையலறை வாசலில் நின்றார். அவர் அந்த வாசலுக்கு வந்து நின்று நான் பார்த்ததில்லை. நான் திரும்பவில்லை. மகளுக்கு ஒரு வாய், காக்காய்க்கு ஒரு வாய் என்று ஊட்டிக்கொண்டிருந்தேன். மற்ற நாளில் அவள் துப்பினால் பொறுமை போய்விடும். அன்று அவள் எவ்வளவு மெதுவாகச் சாப்பிட்டாலும் எனக்குச் சம்மதமாக இருந்தது.

“அந்த டிசைனு... நீ கொஞ்சம் உக்காந்து பாரேம்மா” என்றார் கடைசியில்.

“குழந்தைய யாரு மாமா பாக்கறது?”

“உங்க அக்கா பாத்துப்பா.”

“நானா? எனக்கு முட்டி வலி உயிர் போவுது. ஓடற புள்ளைய நான் எங்க புடிப்பேன்?” என்று ஓரகத்தி பக்கத்து அறையிலிருந்து குரல் கொடுத்தாள்.

“திடீர்னு காய்ச்சல் ஏறுச்சின்னா? ஊரு என்னைத்தான கேக்கும்?” என்றேன். என் குரல் பணிவாகத்தான் இருந்தது. அந்தப் பணிவு எனக்கே பயமாக இருந்தது.

மாமா பக்கத்து அறைப் பக்கம் ஒரு முறை பார்த்தார். பிறகு, “நானே பாத்துக்கறேன். குடு” என்று கையை நீட்டினார்.

“இன்னிக்கு மட்டுமா மாமா?”

“தெனமுந்தான். மேச உன்னுது. சொல்லிட்டேன் இல்ல, குடு.”

கழுவிய ஈரம்கூடக் காயாத வாயோடு மகளை அவர் கையில் கொடுத்தேன். அவள் பெரியப்பாவின் மீசையைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினாள். அவர் மிரண்டுபோய் என்னைப் பார்த்தார். எப்படித் தட்டிக்கொடுப்பது, எந்தப் பக்கம் சாய்த்துப் பிடிப்பது என்று சொல்லியிருக்கலாம். சொல்லாமல் படி இறங்கினேன்.

தம்பி அதற்குள் தன் பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பியிருந்தார். நாற்காலி எனக்குப் பொருந்தாமல் உயரமாக இருந்தது, இறக்கிக்கொண்டேன். கோப்பைத் திறந்தேன். மேலே அழுகை ஆரம்பித்தது. முதலில் சிணுங்கல், பிறகு மூச்சுப் பிடித்து வீறிடும் அழுகை. என் மார்பில் பால் சுரந்து ரவிக்கை நனைந்தது. ஓடிப் போய் வாங்கிவிடலாமா? ரொம்ப அழுதால் காய்ச்சல் வருமோ? தொண்டை கட்டுமோ? கால்கள் தாமாகவே எழப் பார்த்தன. முழங்கால்களை மேசைக் காலில் முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருந்தேன். அவர் கடைக்குள் இறங்கி வந்தார். ஞாயிற்றுக்கிழமை வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். அவர்களுக்கு நடுவே கத்துகிற குழந்தையை வைத்துக்கொண்டு அவர் உலாத்துவது கண்ணாடி வழியே தெரிந்தது. யாரோ ஓர் அம்மாள், “இன்னாங்க, இப்டி அழ வுட்றீங்க புள்ளைய?” என்றாள். அந்தக் குரல் எனக்குத் தேன் மாதிரி இறங்கியது.

சூரியனை அழித்தேன். படத்தைத் திருப்பிக் கடலை இடது பக்கம் கொண்டுவந்தேன். புதுநிலத்தின் விளிம்பைச் சரிசெய்தேன். வாய்க்கால் கடலைத் தொடும் இடத்தில் ஒரு சின்னக் கலங்கரை விளக்கம் வேண்டுமென்று தோன்றியது, அதைப் போட்டேன்.

அப்போது அழுகை நின்றது. கொஞ்சம்கொஞ்சமாக இல்லை, சட்டென்று. கண்ணாடி வழியே பார்த்தேன். அவர் அவளுக்கு ஜரிகைக் கண்டு ஒன்றைக் கையில் கொடுத்து, ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அவள் அவர் தோளில் கன்னத்தை வைத்துக்கொண்டு விசும்பினாள். இவ்வளவு சீக்கிரம் அவரிடம் அடங்கிவிட்டாளே என்று அவள்மேலேயே எனக்குக் கோபம் வந்தது. திரையைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து, அடுத்த பாரந்தூக்கியை வரைய ஆரம்பித்தேன்.